ஜார்ஜியாவுக்குப் புறப்படாத முதலாளி

வெளிநாட்டுக்குப் போய்த் தொழில் தொடங்கியவர்கள் ஒரு ரகம். தொடங்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்; அவர்கள்தான் போய்விட்டார்களே! இரண்டாம் ரகம் எங்கேயும் போகாது. அதனால் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். சலூன் பெஞ்சில் கிடைக்கும், ரேஷன் கடை வரிசையில் கிடைக்கும், கல்யாணப் பந்தியில் உங்கள் இடது பக்க இலையில் கட்டாயம் கிடைக்கும். சாம்பார் ஊற்றும்போது ‘நம்ம நாட்டுல என்னங்க இருக்குது?’ என்று பெருமூச்சு விடும். ரசம் வருவதற்குள் ஏதோ ஒரு நாட்டின் விசா விதிகள் முழுவதும் உங்கள் காதுக்குள் இறங்கியிருக்கும். மோர் வரும்போது அந்த நாட்டில் நீங்களும் ஒரு பங்குதாரர்.

இந்த ரகத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று சேர்வராயன் மலையில், கரடியூரில் இருக்கிறது. பெயர் சந்திரசேகர். வயது நாற்பத்தொன்று. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜிங் டைரக்டர், எஸ்.வி. குளோபல் இன்டர்நேஷனல்’ என்று போட்டிருக்கும். குளோபல் என்று சொன்ன பிறகு இன்டர்நேஷனல் எதற்கு என்று அம்மாசி ஒருமுறை கேட்டான். அம்மாசி ஜீப் டிரைவர். கரடியூருக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஆள் ஏற்றி இறக்குகிறவன், அதற்கு மேல் உலகம் அறியாதவன் என்று சந்திரசேகர் அவனை மன்னித்துவிட்டார். எஸ் என்றால் சேகர், சரி, ‘வி’ என்றால் என்ன என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். விஷனாம்.

தலைமையகம் ஜார்ஜியா. அதற்கு முன்னால் மலேசியாவாக இருந்தது, அதற்கும் முன்னால் துபாயாக இருந்தது. ஒவ்வொரு நாடும் போனில் பார்த்த ஒரு வீடியோவோடு வந்தது, அடுத்த வீடியோவோடு போனது. போகும்போது தன் சட்டதிட்டங்களை மட்டும் அவர் தலைக்குள் விட்டுவிட்டுப் போனது. உள்ளூர்ப் பங்குதாரர் எந்த நாட்டில் வேண்டும், நன்னடத்தைச் சான்றிதழ் எந்த நாட்டில் வேண்டும், மொழிப் பரீட்சை எந்த நாட்டில் என்பதெல்லாம் கலந்து, பரீட்சைக்கு முதல்நாள் படித்தவன் மூளை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சளைக்காமல் ஒப்புவிப்பார். ‘அங்கெல்லாம்’ என்று ஆரம்பிப்பார். அங்கெல்லாம் வெளிநாட்டுக்காரன் கம்பெனி ஆரம்பிக்கறதுன்னா சும்மாவா? அங்கெல்லாம் அட்ரஸ் இல்லாம ஆணி கூட அடிக்க முடியாது. அங்கெல்லாம் பேப்பர் பேசும். இங்கே, கரடியூரில், பேப்பர் பேசாத குறையை அவரே பேசித் தீர்த்தார்.

விற்கப்போகும் சரக்கு காபித்தூள். ‘எங்கள் சொந்த எஸ்டேட்டிலிருந்து’ என்று கார்டின் பின்புறம் இருக்கும். எஸ்டேட் என்பது ஒரு ஏக்கர். பட்டா மனைவி வெண்ணிலாவின் பேரில். பழம் பறிப்பது வெண்ணிலா, உலர்த்துவது வெண்ணிலா, வறுத்து அரைப்பதும் வெண்ணிலா. ஏற்றுமதி மட்டும் சந்திரசேகர். மூன்று வருஷத்தில் ஏற்றுமதியானது இதுவரை மூச்சுக்காற்று.

அவருடைய சொத்துக்களைச் சொல்கிறேன், கேளுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பாஸ்போர்ட், உள்ளே எல்லாப் பக்கமும் யாரும் தொடாத வெள்ளை. லெட்டர்பேடு நூறு தாள், நூறும் அப்படியே. மரப்பிடி போட்ட வட்ட சீல் ஒன்று, சேலத்தில் செய்தது, ஒரு தாளிலும் விழாதது. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மூடுபனிக்கும் சேர்த்து ஒரே கோட்டு. போனில் இரண்டு கடிகாரம். ஜார்ஜியாவில் இப்போது மணி என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் எப்போது என்று கேட்டால் வெண்ணிலாவைக் கூப்பிடுவார். இவற்றோடு, வியூபாயின்ட் போகும் வழியில் ஊருக்குப் பொதுவாக நிற்கும் பலாமரத்தில் ஒரு பிளெக்ஸ். கோட்டுப் போட்ட சந்திரசேகர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மேலே ‘இந்தியக் கிளை’, கீழே ‘விரைவில்’. மூன்று மழைக்காலத்தில் முகம் வெளுத்துவிட்டது. ‘விரைவில்’ மட்டும் வெளுக்கவில்லை. அதற்கு நல்ல சிவப்பு போட்டிருந்தார்கள்.

‘எப்பங்க கிளம்பறீங்க?’ என்று யாராவது கேட்டால் போதும்.

“பேப்பர் மூவ் ஆயிட்டிருக்குதுங்க.”

எங்கிருந்து எங்கே மூவ் ஆகிறது? பீரோவிலிருந்து மேஜைக்கு. மேஜையிலிருந்து பீரோவுக்கு.

கிளம்பவே இல்லை என்று சொன்னால் பாவம். போன தை மாதம் ஒருநாள் கிளம்பினார். கையில் பெட்டி, பெட்டிக்குள் வெண்ணிலா அரைத்துக் கொடுத்த ஐந்து கிலோ தூள். சேலம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாலு பஸ் போனது. ஜார்ஜியாவில் இறங்கி, முதல் மனிதனைப் பார்த்து என்ன சொல்வது? உப்பு எங்கே கிடைக்கும் என்று எந்த வார்த்தையில் கேட்பது? ‘யாரைக் கேட்டு இங்கே வந்தாய்?’ என்று ஒருவன் கேட்டுவிட்டால்? ஐந்தாவது பஸ்ஸும் போனது. நேர்வழியில் வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று குப்பனூர் வழியாகச் சுற்றி மலையேறி வந்து, ‘ஃபிளைட் கேன்சல்’ என்றார். வெண்ணிலா பெட்டியைத் திறந்து தூளை எடுத்து டப்பாவில் கொட்டினாள்.

இந்த மாதிரி ஆளிடம்தான் சுன்மாயா மாட்டிக்கொண்டாள்.

சுன்மாயாவுக்கு ஊர் நேபாளம். புருஷன் அங்கே ஒரு பெரிய எஸ்டேட்டில் வாட்ச்மேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு வந்தவள் எஸ்டேட்டில் பழம் பறித்தாள், பங்களாவில் சமைத்தாள். இப்போது மோமோ செய்கிறாள். மைதா மாவுக்குள் காய்கறியோ கறியோ வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. கூடையில் வைத்து ஏரிக்கரையில் விற்றுக்கொண்டிருந்தவளை அங்கே நிற்காதே, இங்கே நிற்காதே என்று ஆளுக்கொரு பக்கம் விரட்டினார்கள். எஸ்டேட்டில் புருஷனுக்கு வைகாசியோடு வேலை முடிகிறது. நிற்க ஒரு இடம் கிடைத்தால் கரடியூரிலேயே இருப்பார்கள். கிடைக்காவிட்டால் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு, மூட்டை கட்டவேண்டியதுதான். அவள் கேட்டது பலாமரத்தடியில் ஆறுக்கு நாலடி. மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறுவதற்குள் வேண்டும்.

பொது இடம் என்பதால் ஊர் கூடித்தான் முடிவு சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

“பஞ்சாயத்து ஆபீசுல கேட்டுட்டேன். நேபாளத்துக்காரங்க கடை போட்டுப் பொழைக்கறதுக்குத் தடையில்லீன்னுட்டாங்க. எடம் நம்முளுது. நாமதான் சொல்லோணும். ஆருக்காச்சும் ஆட்சேபணை உண்டா?”

கோட்டு எழுந்தது. உள்ளே சந்திரசேகரும் எழுந்தார்.

“ஏனுங்க கவுண்டரே, வெளிநாட்டுக்காரங்க ஆரக் கேட்டு இங்க தொழில் பண்றது? அங்கெல்லாம் இப்புடி உட மாட்டாங்க. எத்தனை பேப்பர் கேப்பாங்க தெரியுமுங்களா?”

“எங்கெல்லாம்?” என்றான் அம்மாசி.

“ஜார்ஜியாவுல!”

“அங்க போயிப் பாத்துட்டு வந்தீங்களா, அண்ணா?”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. சந்திரசேகர் அடங்கவில்லை. அது இந்தியக் கிளைக்கு என்று போர்டு வைத்த இடம். மேலும் ஒரு நாடு என்றால் முறை இருக்கவேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு வந்தால் கரடியூர் என்னாவது? மூன்று வருஷம் எந்த விதிகளைத் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தாரோ, அந்த விதிகளை அத்தனை பாசத்தோடு அன்று எடுத்து வீசினார். கதவுக்கு வெளியே நின்று கதவைத் திட்டுகிறவனுக்கு ஒரு கதவைக் காவல் காக்கக் கொடுத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் போதாது, பூட்டு வேண்டும் என்பான்.

கவுண்டருக்கு மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. “செரி, உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. என்னென்ன வேணுமின்னு நீயே எழுதிக் குடு. அந்தப் புள்ள அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்தா எடம். இல்லீன்னா இல்லை. ஏம்மா, செரிதானே?”

சுன்மாயா தலையை ஆட்டினாள்.

லெட்டர்பேடின் முதல் தாள் அன்றைக்குக் கிழிந்தது. சோற்றை மறந்து எழுதினார் சந்திரசேகர். துபாயிலிருந்து கொஞ்சம், மலேசியாவிலிருந்து கொஞ்சம், ஜார்ஜியாவிலிருந்து மிச்சம். அலுவலக முகவரி, இடத்துக்காரரின் சம்மதக் கடிதத்துடன். ஐந்து வருஷத்துக்குமேல் தெரிந்த இரண்டு பேரின் நன்னடத்தை உத்தரவாதம். தொழில் திட்ட அறிக்கை. உள்ளூர் மொழியில் தேர்வு. கடைசியாக, எல்லாவற்றுக்கும் ராஜா: ஊரில் நிலப்பட்டா உள்ள குடிமகன் ஒருவர் ஐம்பத்தொரு சதவீதப் பங்குதாரராகக் கையெழுத்துப் போடவேண்டும். இதை எழுதும்போது சிரித்துக்கொண்டார். வெளிநாட்டில் இப்படி ஒரு உள்ளூர்க்காரனைத் தேடித் தேடி மூன்று வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது, போனில் ஒரு ஏஜென்டின் குரல் மட்டும். அந்தக் குரலும் இப்போது எடுப்பதில்லை. எவன் எவளை நம்பிக் கையெழுத்துப் போடுவான்?

“எழுதியாச்சுங்களா?” என்று கேட்டு, ஆறிப்போன குழம்பைத் திரும்பச் சூடாக்கினாள் வெண்ணிலா. தன் தோளுக்கு மேலாக அவள் தாளைப் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. மேனேஜிங் டைரக்டர்கள் பின்னால் பார்ப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுன்மாயா ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். சந்திரசேகர் ஒரு மேஜையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டு, சீலை வலப்பக்கம் வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலம் பஸ் ஸ்டாண்டில் எந்த முகத்தை நினைத்து ஐந்து பஸ்ஸை விட்டாரோ, அந்த முகத்தை அவரே மாட்டிக்கொண்டிருந்தார். அளவு சரியாக இருந்தது.

“அலுவலக முகவரி?”

பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சின்னத்தாயி எழுந்தாள். “எங்கூட்டு அட்ரசுதாம்ப்பா. சம்மதக் கடுதாசி எழுதத் தெரியாது. வாயிலயே சம்மதிக்கறேன். போதாதா?”

“எழுத்து மூலமா வேணுமுங்க.”

“அப்பொ உன் கடன் கணக்க நோட்டுல எழுத்து மூலமா வெச்சிருக்கேன். அதையும் கொண்டாரட்டுமா, சாமி?”

முகவரி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“நன்னடத்தை உத்தரவாதம், ரெண்டு பேரு?”

பதினேழு பேர் எழுந்தார்கள். இரண்டு போதும், மற்றவர்கள் உட்காரலாம் என்று சொல்லியும் உட்காரவில்லை. அவள் கையால் பிரசவத்துக்குப் பத்தியச் சோறு தின்றவர்கள், காய்ச்சலில் கஞ்சி குடித்தவர்கள் என்று ஆளுக்கொரு சாட்சி சொல்ல வந்தார்கள். கவுண்டர் அதட்டி உட்கார வைத்தார்.

“தொழில் திட்டம்?”

“சனி ஞாயிறு நூறு தட்டுங்கண்ணா. மத்த நாளு முப்பது. மழை வந்தா பத்து. மிச்சமானா எங்கூட்டுல மூணு பேரு இருக்கறோமுங்க.”

“போட்டி நிலவரம்?”

“இப்பத்திக்கு ஆருமில்லீங்கண்ணா. நீங்க கடை போட்டீங்கன்னா ரெண்டு பேரு.”

மொழித் தேர்வில் மடக்கிவிடலாம் என்று ‘அந்நிய முதலீடு’ என்பதை விளக்கச் சொல்ல வாயெடுத்தார். கவுண்டர் குறுக்கே விழுந்தார். “இரப்பா, அந்தக் கேள்விய நான் கேக்கறேன். ஏம்மா, மழை பேஞ்சிட்டிருக்குது. நீ ரோட்டோரம் நிக்கற. இந்த அம்மாசி ஜீப்ப நிறுத்தாமப் போறான். என்ன சொல்லுவே?”

சுன்மாயா முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“ஏனுங்க டிரைவர் அண்ணா, கண்ணு ரெண்டும் ரோட்டப் பாக்குதா, கண்ணாடியில உங்க மீசையப் பாக்குதா? ஒரு கையில மாவு மூட்டை, ஒரு கையில புள்ளை, நாங்க என்ன மைல்கல்லுங்களா, மழையில நட்டு வெச்சிருக்க? போன வாரம் சேத்துல டயரு மாட்டுனப்ப மட்டும் ‘ஏனுங்க்கா, ஒரு கை தள்ளுங்க’ன்னு பல்லு முப்பத்திரண்டையும் காட்டுனீங்களே, அன்னைக்கி இந்த வண்டியில எடம் இருந்துச்சு, இன்னைக்கி இல்லியா? எறக்கத்துல போயி பிரேக்கு புடிக்கலீன்னா, தள்ளறதுக்கில்ல, தேடறதுக்கு நாங்கதான் வரோணும், நெனப்பிருக்கட்டும்!”

அம்மாசி தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். “இனிமேல்பட்டு நிறுத்தறனுங்க்கா. சத்தியமா நிறுத்தறனுங்க.”

“பாஸு” என்றார் கவுண்டர்.

சந்திரசேகர் பதறவில்லை. ராஜா இன்னும் கையில் இருந்தது. தாளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நிலப்பட்டா உள்ள குடிமகன். ஐம்பத்தொரு சதவீதம். கையெழுத்து. “ஆருங்க போடறீங்க?”

கஞ்சி குடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பட்டா என்றால் சும்மாவா? பதினேழில் பாதிப் பேருக்குப் பட்டாவே கிடையாது. மீதிப் பாதிக்குப் பங்காளித் தகராறு. சுன்மாயா மஞ்சப்பையின் காதை ஒரு தரம் சுற்றினாள், இன்னொரு தரம் சுற்றினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் தன்னோடு படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சந்திரசேகருக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஏனோ பஸ் ஸ்டாண்டு நாற்றம் அடித்தது.

“எம்பேருல ஒரு ஏக்கரு பட்டா இருக்குதுங்க.”

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. அது யார் என்று பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

“வெண்ணிலா, நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்கு...”

“எனக்குத் தெரியாதுங்களா? மூணு வருசமா சோத்துக்கும் கொழம்புக்கும் நடுவுல இதத்தானே கேக்கறேன். உங்களவிட எனக்கு மனப்பாடமுங்க.” கவுண்டர் பக்கம் திரும்பினாள். “அம்பத்தொண்ணெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. ஆளுக்குப் பாதி. அவ மோமோ போடட்டும், நான் காபி போடறேன். எங்கூட்டுக்காரரு ஒரு பார்ட்னரு வேணும், வெளிநாட்டு பார்ட்னரு வேணுமின்னு தேடிட்டே இருந்தாருங்க. உள்ளூருலயே இருக்கறப்ப எதுக்குங்க அத்தனை தூரம்?”

கையெழுத்தைப் போட்டாள். கவுண்டர் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“எல்லாம் செரி. இதுக்கு ஒரு சீல் வேணுமேப்பா? ஊர்ல சீல் வெச்சிருக்கறது நீ ஒருத்தன்தான்.”

சந்திரசேகர் ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். மூன்று வருஷம் மூடியே இருந்தது. வெயிலில் கிடந்த வறட்டி மாதிரி காய்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தார், எச்சில் தொட்டுப் பார்த்தார். ஊர் முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெண்ணிலா வந்து, கூட்டத்துக்கென்று கொண்டுவந்திருந்த பாத்திரத்திலிருந்து கெட்டி டிகாக்‌ஷன் நாலு சொட்டு விட்டாள்.

சீல் விழுந்தது. காபி நிறத்தில், வட்டமாக, ஒரு எழுத்துக் கூடச் சிதையாமல். எஸ்.வி. குளோபல் இன்டர்நேஷனல்.

வெண்ணிலா குனிந்து பார்த்தாள். “இதுல இருக்கற ‘வி’ நாந்தானுங்களே?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

விஷன் என்று சொல்ல வாய் திறந்த மேனேஜிங் டைரக்டர், மூடிக்கொண்டார். சீல் காயட்டும் என்று தாளை ஊதினார். அவசியத்துக்கு மேல் நிறைய நேரம் ஊதினார். பிறகு சுன்மாயாவிடம் நீட்டி, முகத்தைப் பார்க்காமல், “மூணு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கங்க. அங்கெல்லாம் கேப்பாங்க” என்றார்.

சுன்மாயா தாளை மஞ்சப்பைக்குள் வைத்தாள். போகவில்லை. “அண்ணா, நீங்க அந்த ஊருக்குப் போனீங்கன்னா, அங்கயும் இப்புடி மேசை போட்டு உக்காந்து ஒருத்தர் கேப்பாருங்க. பயந்துக்காதீங்க. மொத வருசந்தான் கஷ்டம். அப்பறம் உப்பு எங்க விக்கிதுன்னு தெரிஞ்சு போயிருமுங்க.”

கேலி செய்கிறாளா என்று பார்த்தார். அவள் செய்யவில்லை. கேலியாக இருந்திருந்தால் அவருக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடை மே மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. கூரைக்கு அந்த பிளெக்ஸைத்தான் கட்டினார்கள், எழுத்து உள்பக்கமாக. அண்ணாந்து பார்த்தால் வெளுத்த முகமும் வெளுக்காத ‘விரைவில்’லும் தெரியும். அதற்கு நேர் கீழே, காபி ஆறுகிறவரை, பெஞ்சில் கோட்டு உட்கார்ந்திருக்கும். பெங்களூர், ஈரோடு என்று எங்கிருந்தோ வருகிறவர்களிடம், வெளிநாட்டில் குடியுரிமை இல்லாமல் ஒரு கம்பெனி தொடங்குவது எத்தனை கஷ்டம் தெரியுமா என்று விளக்கிக்கொண்டிருக்கும். ஆதாரமாகப் பின்னால் எரியும் அடுப்பைக் காட்டும். “இந்தக் கம்பெனிக்கு பேப்பர் முழுக்க நாந்தானுங்க பண்ணேன்!” அதிலே பொய் இல்லை. அவர் வாழ்நாளில் முதல் தாளிலிருந்து கடைசி சீல் வரை முடித்த ஒரே வெளிநாட்டுக் கம்பெனி அதுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டில் எத்தனை பக்கம் வெள்ளை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு, உங்கள் தெருவில் தள்ளுவண்டியோடு வந்து நின்றவரிடம் ‘ஆரக் கேட்டு வந்தே?’ என்று எத்தனை முறை கேட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் வருத்தப்படவேண்டாம். மலைக்கு வந்தால் பலாமரத்தடிக்கு வாருங்கள். நீங்கள் யார் என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. உங்களைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.